ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கு எத்தனை நிமிடம்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நான்கு வழிகள்

நவம்பரில் பருவம் தொடங்கி நாலு ஆட்டம் முடிவதற்குள் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். “அந்தப் புதுப் பையனை எதற்கு உட்கார வைத்திருக்கிறார் கோச்?” என்பது ஒரு கட்சி. “அவனுக்கு இன்னும் தடுப்பாட்டமே வரவில்லை. மூன்று வருஷம் உழைத்த சீனியரை எதற்கு வெளியே அனுப்ப வேண்டும்?” என்பது எதிர்க்கட்சி. தாங்கள் படித்த கல்லூரியின் அணியை விடாமல் பார்க்கும் நண்பர்கள் சிலர், எந்தப் பக்கம் நிற்பது என்று புரியாமல் கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்த ஒப்பீடு.

கென்டக்கியின் 2023–24 அணியிலிருந்து தொடங்கலாம். ரீட் ஷெப்பர்ட் உள்ளூர்ப் பையன். அப்பா ஜெஃப் 1998 சாம்பியன் அணியில் ஆடி, கடைசிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கியவர். அம்மா ஸ்டேசி அதே கல்லூரியின் பெண்கள் அணியில் ஆடியவர். ரீட் அந்த ஆண்டு எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் 52 சதவீதம் கூடைக்குள் போயின. நூற்றுக்கு நாற்பது விழுந்தாலே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற ஆட்டம் இது. ஆனாலும் 33 ஆட்டங்களில் ஐந்தில்தான் அவர் தொடக்க ஐவரில் இருந்தார். சராசரி 15 புள்ளி எடுத்த ராப் டில்லிங்ஹாமும் பெஞ்சிலிருந்துதான் வந்தார். அவர்களுக்கு முன்னால் இறங்கிய டி.ஜே. வாக்னர், ஜஸ்டின் எட்வர்ட்ஸ் இருவரும்கூட முதலாம் ஆண்டுக்காரர்களே. மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டியில், 14ஆம் தரநிலையில் வந்த ஓக்லண்ட் கல்லூரி, கென்டக்கியை 80–76 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஜூனில், தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஷெப்பர்ட் 3ஆவதாகவும் டில்லிங்ஹாம் 8ஆவதாகவும் போனார்கள். எட்வர்ட்ஸை இரண்டு சுற்றிலும் யாரும் எடுக்கவில்லை.

“அப்போதே சொன்னோமே!” என்றது முதல் கட்சி. ஆனால் ஸ்கோர் தாளைப் பிரித்துப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. தொடக்கத்தில் இல்லாத ஷெப்பர்ட் ஆட்டத்துக்குச் சராசரி 29 நிமிடம் ஆடினார். முடிவு இழுபறியாக இருந்தால் களத்தில் அவர் இருந்தார். ஓக்லண்ட் ஆட்டத்தில் அவர் எடுத்தது மூன்றே புள்ளி. அந்தப் பக்கம் பத்து த்ரீ போட்டு கென்டக்கியை முடித்த ஜாக் கோல்கி, இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் வருடக்கணக்கில் ஆடிவிட்டு வந்த, வயதில் மூத்தவர்.

எனவே யார் தொடங்குகிறார் என்பதில் நான் அதிகம் தலையைக் கொடுப்பதில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் யார் நிற்கிறார், அடுத்த நவம்பரில் அந்தப் பையன் எந்தக் கல்லூரியின் சட்டையில் இருப்பான் என்ற இரண்டையும்தான் பார்க்கிறேன். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தச் சாய்வு இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

கையிருப்பு 200 நிமிடம். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். புதியவனுக்குப் பத்து நிமிடம் கூட வேண்டுமென்றால் யாருடைய பத்து நிமிடம் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். “அவனுக்கு இன்னும் கொடுக்கணும்” என்று கத்துகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

தடுப்பாட்டம். பந்து கையில் இருக்கும்போது அவன் என்ன செய்வான் என்பது ஊருக்கே தெரியும். அதைப் பார்த்துத்தான் கல்லூரி அவனை அழைத்து வந்தது. கோச்சின் கண் இருப்பது பந்து அவனிடம் இல்லாத நேரத்தில். எதிரணியின் நெட்டையான ஆள் வந்து வழியை மறித்து நின்றால் அவனைச் சுற்றி ஓடுவதா, பின்வாங்குவதா, ஆளை மாற்றிக்கொள்வதா? எதிர்மூலையில் ஒருவன் கூடையை நோக்கிப் பாய்ந்தால் உதவிக்குப் போக வேண்டியது யார்? அரை நொடி யோசித்தால் பந்து வலைக்குள். டிவியில் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டும் நமக்கு இந்தப் பிழை தெரியாது. பிழைக்கு விலை கொடுக்க ஓடிவந்து ஃபவுல் செய்த சீனியர்தான் தெரிவார். கல்லூரியில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே, என்பிஏ போல ஆறு இல்லை.

காலண்டர். நவம்பர், டிசம்பரில் சுலபமான உள்ளூர் ஆட்டங்கள் கலந்து வரும். ஜனவரி முதல் சொந்த கான்ஃபரன்ஸ், அதாவது ஒவ்வோர் ஆண்டும் தங்களுக்குள் மோதும் கல்லூரிகளின் குழு. அங்கே எதிரணி கோச்சுகள் எல்லோரும் பையனின் வீடியோவைப் போட்டு அலசி, அவனுக்கு இடது கை வராது என்பதுவரை எழுதி வைத்திருப்பார்கள். மார்ச்சில் 68 அணிகள், ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நவம்பரில் பார்த்தவனும் மார்ச்சில் பார்ப்பவனும் ஒரே ஆள் அல்ல. சில பேர் தேறியிருப்பார்கள், சில பேர் களைத்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டு இருப்பானா? இந்த அளவுகோல்தான் மற்றதையெல்லாம் புரட்டிப் போட்டது, அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1972–73 பருவத்துக்கு முன்பு முதலாம் ஆண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடவே விதி இடம் தரவில்லை. 1965இல் யுசிஎல்ஏவின் புது அரங்கத் திறப்பு ஆட்டத்தில், பிற்காலத்தில் கரீம் அப்துல்-ஜப்பார் ஆன லூ அல்சிண்டரின் முதலாம் ஆண்டு அணி, இரண்டு முறை தொடர்ந்து தேசியச் சாம்பியனான அதே கல்லூரியின் பிரதான அணியை 75–60 என்று தோற்கடித்தது. அப்படித் தோற்கடித்தும், அந்தப் பருவம் முழுக்க அல்சிண்டர் பிரதான அணிக்கு வெளியேதான் இருந்தார். அன்றைய கோச்சுகளுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

2006 டிராஃப்டிலிருந்து, பள்ளி முடித்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், 19 வயது நிறைய வேண்டும் என்று என்பிஏ விதி போட்டது. ஒரு வருடம் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகும் பையன்கள் வந்தார்கள். அவர்கள் எண்ணிக்கை குறைவு. மற்றவர்கள் மூன்று நாலு வருடம் இருந்தார்கள். 2018இல், கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது. 2021இல் ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்காரத் தேவையில்லை என்றார்கள். 2024இல் எத்தனை முறை மாறினாலும் சரி, படிப்பு ஒழுங்காக இருந்தால் போதும் என்றார்கள். 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். சுருக்கமாக, முன்பெல்லாம் பையனைப் பொறுமையாக வளர்த்தால் பலன் வளர்த்த கல்லூரிக்கு வந்தது. இப்போது ஏப்ரலில் அவன் இன்னொரு கல்லூரிக்குப் போய்விடலாம்.

## வழி 1: முதல் நாளே தொடக்க ஐவரில், 30 நிமிடத்துக்கு மேல்

இதன் ஆதரவாளர்கள் முதலில் எடுத்துப்போடும் பெயர் கார்மெலோ ஆண்டனி. 2002–03இல் சிரக்யூஸுக்காக ஆட்டத்துக்கு 36 நிமிடம், 22 புள்ளி, 10 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது), கடைசியில் தேசியப் பட்டம். ஒரே வருடம், போய்விட்டார். யாருக்கும் குறையில்லை.

எனக்கு அதைவிடச் சரியான பாடம் 2012 கென்டக்கி. 38 வெற்றி, 2 தோல்வி, இறுதியில் கேன்சஸை 67–59 என்று வென்றது. அந்தோணி டேவிஸ் அந்த இறுதிப் போட்டியில் எடுத்தது வெறும் 6 புள்ளி. ஆனால் 16 ரீபவுண்ட், எதிராளி எறிந்ததைத் தட்டிவிட்ட 6 பிளாக், கூடை போட வழி செய்த 5 அசிஸ்ட். சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். பந்து கூடையில் விழாத நாளிலும் அவர் களத்தில் இருந்தால் அணிக்கு லாபம். முதலாம் ஆண்டு ஆளுக்கு 30 நிமிடம் கொடுக்கலாமா என்று கேட்டால் நான் வைக்கும் சோதனை இதுதான்: ஒன்றும் விழாத இரவில் இவனால் வேறு என்ன கிடைக்கும்?

அந்த அணியில் ரசிகர்கள் அவ்வளவாகப் பேசாத ஒருவர் டேரியஸ் மில்லர். நாலாம் ஆண்டு, சொந்த மாநிலத்துப் பையன், ஆறாவது ஆளாகப் பெஞ்சிலிருந்து வரச் சம்மதித்தவர். மூன்று முதலாம் ஆண்டுக்காரர்கள் தொடங்கியது அவரைப் போன்ற ஒருவர் முகம் சுளிக்காமல் இருந்ததால் நடந்தது. இடம் இழந்த சீனியர் சிடுசிடுவென்று இருந்தால் உடை மாற்றும் அறையில் என்ன நடக்கும் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. வழி 1இன் முதல் மறைமுகச் செலவு அது.

இரண்டாவது செலவு உடம்பு. பள்ளி ஆட்டம் பெரும்பாலான மாநிலங்களில் 32 நிமிடம். இங்கே 40 நிமிடம், எதிரே 22, 23 வயது தோள்கள், நடுவாரத்தில் விமானப் பயணம், மறுநாள் காலை வகுப்பு. பிப்ரவரி வாக்கில் கால் கனத்து, எறியும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். அதை ‘ஃபார்ம் போச்சு’ என்று படிக்கிறோம். பல நேரம் அது வெறும் களைப்பு.

மூன்றாவது செலவு, சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுவது. 2016–17 வாஷிங்டனில் மார்கெல் ஃபுல்ட்ஸ் சராசரி 23 புள்ளி எடுத்தார், டிராஃப்டில் முதல் ஆள்; அணி 9 வென்று 22 தோற்றது. 2024–25 ரட்கர்ஸில் டிலன் ஹார்ப்பரும் ஏஸ் பெய்லியும் சேர்ந்தே ஆடினார்கள். ஒருவர் டிராஃப்டில் 2ஆவது, இன்னொருவர் 5ஆவது. அணி 15–17, மார்ச் போட்டிக்கே தகுதி பெறவில்லை. இந்த இரண்டு அணிகளிலும் பையன்களுக்கு நிமிடம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

2025 டியூக் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. கூப்பர் ஃப்ளாக், கான் க்னூப்பெல், காமன் மாலுவாக் மூவரும் முதலாம் ஆண்டு, மூவரும் தொடக்கம், மூவருமே டிராஃப்டில் முதல் பத்துக்குள். 35 ஆட்டம் வென்றார்கள். அரையிறுதியில் ஹூஸ்டனிடம் 67–61 என்று முன்னிலையில் இருந்து, கடைசி ஒரு நிமிடத்துக்குள் 9 புள்ளி விட்டுக்கொடுத்து 70–67 என்று தோற்றார்கள். எதிரே ஐந்தாம், ஆறாம் வருடக்காரர்களும் இருந்த அணி. ஃப்ளாக் 27 புள்ளி எடுத்தார் என்பதையும், கடைசி நொடிகளில், ஒரு புள்ளி பின்தங்கியபோது எறிந்து தவறியது அவர் கைதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதை வைத்து ‘சின்னப் பசங்களை நம்பக் கூடாது’ என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். அந்தப் பசங்கள் இல்லாமல் அணி அந்த இரவுவரை வந்திருக்காது.

இது பொருந்தும் இடம்: தடுப்பாட்டத்திலோ ரீபவுண்டிலோ முதல் நாளே கை கொடுப்பவன், ஒரு வருடத்தில் நிச்சயம் என்பிஏ போகிறவன், அவன் இடத்தில் இருப்பவர் சுமாரான ஆள், அல்லது பெரிய மனசுக்காரர்.

## வழி 2: பெஞ்சிலிருந்து 12 முதல் 25 நிமிடம்

“பெஞ்சில் உட்கார வைத்தால் பையன் வாழ்க்கை போச்சு” என்பவர்களுக்கு ஒரு சின்னப் பட்டியல். மார்வின் வில்லியம்ஸ் 2005 சாம்பியன் வடக்கு கரோலினாவில் ஒரு ஆட்டம்கூடத் தொடங்கவில்லை. அந்த ஆண்டு டிராஃப்டில் 2ஆவது ஆள். டெவின் புக்கர் 2014–15 கென்டக்கியின் ஆறாவது ஆள், சராசரி 10 புள்ளி. இரண்டு வருடம் கழித்து என்பிஏவில் ஒரே ஆட்டத்தில் 70 எடுத்தார். அதே கென்டக்கியில் தொடக்க ஐவரில் இருந்த கார்ல்-அந்தோணி டவுன்ஸ்கூட ஆட்டத்துக்கு 21 நிமிடம்தான் ஆடினார், ஏனென்றால் கோச் ஜான் கலிபாரி அந்த ஆண்டைத் தொடங்கியதே ஐந்தைந்து பேராக இரண்டு குழுக்களை மாற்றி மாற்றி இறக்கித்தான். 21 நிமிடக்காரர் டிராஃப்டின் முதல் ஆளானார். அணி 38 ஆட்டம் தொடர்ந்து வென்றது. பிறகு, மூத்தவர்கள் நிறைந்த விஸ்கான்சினிடம் 71–64 என்று ஒரே ஒரு தோல்வி.

கனெக்டிகட்டின் டோனவன் கிளிங்கன் இந்த வழியின் முழு வடிவம். 2022–23இல் அடாமா சனோகோவுக்குப் பின்னால் ஆட்டத்துக்குச் சுமார் 13 நிமிடம். அந்த 13 நிமிடமும் முழு மூச்சாக ஓடி, ஃபவுலுக்குப் பயப்படாமல் கூடையைக் காத்தார். அணிக்குப் பட்டம். மறு வருடம் சனோகோ போனார், கிளிங்கன் தொடங்கினார், இன்னொரு பட்டம், டிராஃப்டில் 7ஆவது இடம். கோச் டான் ஹர்லி ஒரே ஆளை வைத்து இரண்டு ஆண்டும் அறுவடை செய்தார். இது வேலை செய்யக் காரணம், கிளிங்கன் இரண்டாம் ஆண்டும் அங்கேயே இருந்தது.

இருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெண்கள் ஆட்டத்திலிருந்து ஓர் உதாரணம். 2023–24 சவுத் கரோலினா 38–0. டான் ஸ்டேலியின் பெஞ்ச் அவ்வளவு ஆழம்: இறுதிப் போட்டியில் அயோவாவுக்கு எதிராக அணியின் அதிகபட்சமான 19 புள்ளியை எடுத்தது பெஞ்சிலிருந்து வந்த முதலாம் ஆண்டு டெஸ்ஸா ஜான்சன். இன்னொரு முதலாம் ஆண்டுக்காரி மிலேசியா ஃபுல்வைலி, உள்ளூர்ப் பெண், பார்க்க வருகிறவர்களை எழுந்து நிற்க வைக்கும் ஆட்டம். அவரும் பெஞ்ச்தான். இரண்டாம் ஆண்டும் பெஞ்ச். 2025இல் அதே கான்ஃபரன்ஸில் உள்ள எல்எஸ்யூவுக்கு மாறிவிட்டார். ஸ்டேலி தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. 38–0 என்ற எண்ணுக்கு முன்னால் என்ன வாதம் செய்வது? ஆனால் பெண்கள் ஆட்டத்தில் ஒரு வருடத்தில் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏவுக்கு ஓட முடியாது. அமெரிக்கப் பெண்கள் 22 வயதாகும் ஆண்டுவரை அல்லது படிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் அங்கே முதலாம் ஆண்டுக்காரியை மெதுவாக வளர்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நெடுநாள் நினைத்தார்கள். போர்ட்டல் அந்தக் கணக்கையும் மாற்றிவிட்டது.

இன்னொரு மறைமுகச் செலவு, ‘ஒரு தப்பு, உடனே பெஞ்ச்’ பழக்கம். இறங்கி இரண்டு நிமிடத்தில் ஒரு பந்தைப் பறிகொடுத்தால் விசில் அடித்து வெளியே இழுக்கும் கோச்சுகள் உண்டு. அப்புறம் பையன் கூடையைப் பார்ப்பதைவிடப் பெஞ்சை அதிகம் பார்ப்பான். 15 நிமிடம் கொடுப்பதென்றால் அதை மூன்று நீளத் துண்டாகக் கொடுக்க வேண்டும். ஏழு சின்னத் துண்டாக நறுக்கினால் எண் ஒன்றுதான், பலன் வேறு.

இது பொருந்தும் இடம்: அவன் இடத்தில் நல்ல சீனியர் இருக்கிறார், அவர் மார்ச்சோடு போகிறார், அந்த இடம் பையனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெளிவாகத் தெரிகிறது.

## வழி 3: தோற்றுத் தேறட்டும்

பருவத்தின் ஊடே நிமிடத்தை ஏற்றுவது, அல்லது ஆரம்பத்திலேயே இறக்கிவிட்டு டிசம்பர்த் தோல்விகளைக் கல்விக் கட்டணமாக நினைப்பது. மிச்சிகனின் ‘ஃபேப் ஃபைவ்’ 1991–92இல் முதல் ஆட்டத்திலேயே ஐவராகத் தொடங்கவில்லை. பிப்ரவரி 1992இல், நாட்டர் டாம் மைதானத்தில்தான் ஐந்து முதலாம் ஆண்டுக்காரர்களும் சேர்ந்து முதல் முறையாகத் தொடங்கினார்கள். அன்று அணியின் எல்லாப் புள்ளியும் அவர்களுடையதே. ஏப்ரலில் தேசிய இறுதிப் போட்டிவரை போய், டியூக்கிடம் 71–51 என்று தோற்றார்கள்.

2013–14 கென்டக்கியும் ஐந்து முதலாம் ஆண்டுக்காரர்களை வைத்துத் தடுமாறி, 8ஆம் தரநிலையில் மார்ச்சுக்குள் நுழைந்து, இறுதியில் கனெக்டிகட்டிடம் 60–54 என்று விழுந்தது. தரநிலை கீழே போவதுதான் இந்த வழியின் பில். டிசம்பரில் தோற்ற ஆட்டங்களுக்காக மார்ச்சில் இரண்டாவது ஆட்டத்திலேயே முதல் தர அணியைச் சந்திக்க வேண்டும். கென்டக்கி அன்று சந்தித்தது, அதுவரை ஒரு ஆட்டமும் தோற்காத விச்சிட்டா ஸ்டேட்டை. இரண்டு புள்ளியில் தப்பித்தது.

2015 டியூக்கின் கிரேசன் ஆலன் வேறு ரகம். பருவத்தின் பெரும்பகுதி பெஞ்ச், சராசரி ஒன்பது நிமிடம். ஜனவரியில் ஒருவர் அணியிலிருந்து நீக்கப்பட்டு எட்டுப் பேர்தான் மிஞ்சியதால் நிமிடம் கிடைக்கத் தொடங்கியது. இறுதிப் போட்டியில் டியூக் ஒன்பது புள்ளி பின்தங்கியபோது தொடர்ந்து எட்டுப் புள்ளி எடுத்து ஆட்டத்தைத் திருப்பினார், மொத்தம் 16. அணியின் 68 புள்ளிகளில் 60 முதலாம் ஆண்டுக்காரர்களுடையது. ரசிகர்கள் இதைக் காட்டி “பார், திறமையை ஒளித்து வைத்திருந்தார்கள்” என்பார்கள். நவம்பரில் அவரை இறக்கியிருந்தால் இதே ஆலன் வந்திருப்பாரா என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. ஐந்து மாதப் பயிற்சியில் சீனியர்களிடம் அடிபட்ட ஆலன்தான் அன்று ஆடினார்.

இது பொருந்தும் இடம்: கோச்சின் வேலைக்கு ஆபத்து இல்லை, டிசம்பர் அட்டவணை கடினமானது அல்ல, பையன் தப்பு செய்தால் மறுநாள் வீடியோ பார்த்துத் திருத்திக்கொள்கிற ரகம்.

## வழி 4: ரெட்ஷர்ட், ஒரு வருடம் ஆடாமல் பயிற்சி மட்டும்

2025 நிலவரப்படி, ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம். ஒரு அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் ஒரு நிமிடம் இறங்கினாலும், காயத்துக்கான விலக்கு இல்லாவிட்டால், அந்தப் பருவம் கணக்கில் போய்விடும். அமெரிக்கக் கால்பந்தில் இருக்கும் நான்கு ஆட்டச் சலுகை (நான்கு ஆட்டம்வரை ஆடினாலும் பருவம் கணக்கில் போகாது) இங்கே இல்லை. ஆகவே “கடைசி இரண்டு நிமிடம் சும்மா இறக்குங்கள்” என்று கத்துவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இந்த வழியின் பெருமை வில்லனோவா. மிக்கல் பிரிட்ஜஸ் 2014–15இல் ஒரு வருடம் உட்கார்ந்தார். 2016, 2018 இரண்டு பட்டத்திலும் பங்கு, டிராஃப்டில் 10ஆவது. டான்டே டிவின்சென்சோ காலில் காயத்தால் முதல் பருவத்தை இழந்தார். 2018 இறுதிப் போட்டியில் பெஞ்சிலிருந்து வந்து 31 புள்ளி. வர்ஜீனியாவின் டியாண்ட்ரே ஹன்ட்டரை கோச் டோனி பென்னட் 2016–17இல் உட்கார வைத்தார். 2019 இறுதியில் டெக்சஸ் டெக்குக்கு எதிராக அவர் 27.

ஆனால் எல்லாமே போர்ட்டல் விதி தளர்வதற்கு முந்தைய கதைகள் என்பதைக் கவனியுங்கள். இன்று 18 வயதுப் பையனிடம் “ஒரு வருடம் பொறு” என்று சொன்னால் மே மாதத்துக்குள் பத்து கல்லூரிகள் அவன் ஃபோனில் இருக்கும். ஒல்லியான, உயரமான, இன்னும் உடம்பு ஏறாத பையனுக்கும், காயத்திலிருந்து மீள்கிறவனுக்கும், நான்காண்டுப் படிப்பைப் பெரிதாக மதிக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் இது இன்றும் சரி. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | முதல் நாளே 30 நிமிடம் | பெஞ்சிலிருந்து 12–25 | தோற்றுத் தேறுவது | ரெட்ஷர்ட் |
|---|---|---|---|---|
| தடுப்பாட்டப் பிழையின் விலை | அதிகம் | குறைவு, மறைத்து ஆடலாம் | டிசம்பரில் அதிகம் | இல்லை |
| யார் இழக்கிறார் | தொடக்க சீனியர் | எட்டாவது, ஒன்பதாவது ஆள் | மாறிக்கொண்டே இருக்கும் | யாருமில்லை |
| மார்ச்சில் நிலை | களைப்பு வரலாம் | புத்துணர்ச்சி | தேறியிருப்பான், தரநிலை கீழே | ஆடுவதில்லை |
| அடுத்த ஆண்டு இழக்கும் ஆபத்து | என்பிஏ | போர்ட்டல் | இரண்டும் | போர்ட்டல், மிக அதிகம் |
| நல்ல உதாரணம் | டேவிஸ், 2012 | கிளிங்கன், 2023 | ஆலன், 2015 | பிரிட்ஜஸ் |

## என் ஓட்டு

பெரும்பாலான அணிகளுக்கு வழி 2. ஒரு நிபந்தனையோடு: அந்த நிமிடங்களில் சில, ஆட்டம் இழுபறியாக இருக்கும் நேரத்தில் வர வேண்டும். முப்பது புள்ளி முன்னிலையில் கொடுக்கும் எட்டு நிமிடம் பையனுக்கும் ஒன்றும் கற்றுத் தராது, ஏப்ரலில் அவனைப் பிடித்தும் வைக்காது. ஜனவரியில் நாலு புள்ளி வித்தியாசத்தில், ஆறு நிமிடம் மிச்சமிருக்கும்போது அவனை விட்டுப் பார்த்த கோச், மார்ச்சில் அவனை நம்பலாமா என்பதைத் தெரிந்துகொள்கிறார். தனக்கு இங்கே இடம் உண்டா என்பதைப் பையனும் தெரிந்துகொள்கிறான்.

“அனுபவசாலி கையில் பந்து இருப்பதுதான் பாதுகாப்பு” என்று எதிர்க்கட்சி சொல்லும். வர்ஜீனியாவின் கிஹெய் கிளார்க் அதற்கு இரண்டு பக்கமும் பதில். 2019இல் முதலாம் ஆண்டு, ஐந்தடி ஒன்பது அங்குலம். பந்து வைத்திருப்பவனை விடாமல் ஒட்டிக்கொள்வார் என்பதற்காகவே பென்னட் அவரைக் களத்தில் வைத்திருந்தார். பர்டூவுக்கு எதிராக இரண்டு புள்ளி பின்தங்கி, கடைசி நொடிகளில் பந்து அரைக்கோட்டுக்குப் பின்னால் உருண்டது. கிளார்க் ஓடிப்போய் எடுத்தார். அவசரமாகத் தூரத்திலிருந்து எறியாமல், கூடையருகே நின்ற மமாடி டியாகிட்டேவுக்கு நீளமாக அனுப்பினார். மணி அடிக்கும்போது பந்து உள்ளே. கூடுதல் நேரத்தில் வெற்றி, பிறகு பட்டம். அதே கிளார்க், 2023இல் ஐந்தாம் ஆண்டு, அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே அதிக அசிஸ்ட் வைத்திருந்தவர், ஃபர்மனுக்கு எதிராக இரண்டு புள்ளி முன்னிலையில், மூலையில் மாட்டிக்கொண்டு பந்தை வானத்தில் எறிந்தார். ஃபர்மன் பிடித்து ஒரு த்ரீ போட்டது. 68–67.

வழி 1க்கு நான் மாறுவது எப்போது? அணியின் சிறந்த தடுப்பாட்டக்காரனே அந்தப் புதுப் பையன் என்றால் உடனே. அப்போது சீனியரைக் கூப்பிட்டு நேரில் சொல்லும் வேலை கோச்சுடையது. நாம் அரங்கில் அந்த சீனியர் எழுந்து வரும்போது கொஞ்சம் பலமாகக் கைதட்டலாம். அணி எப்படியும் பத்து ஆட்டம்தான் வெல்லும் என்ற நிலையிலும் வழி 1தான், அல்லது 3. வெல்லாத அணியில் 23 வயதுக்காரருக்கு 34 நிமிடம் கொடுத்து யாருக்கு லாபம்?

அடுத்த ஆட்டத்தைப் பார்க்கும்போது புள்ளிப் பட்டியலை விட்டுவிட்டு மூன்றைக் குறித்துப் பாருங்கள். இரண்டாம் பாதியில் கடைசியாகக் களத்துக்கு எப்போது வந்தான், எப்போது வெளியேறினான். முதல் தப்புக்குப் பிறகு எத்தனை நொடியில் அவனுக்குப் பதில் ஆள் மேசைப் பக்கம் போனார். எதிரணி தங்கள் சிறந்த ஆளை வேண்டுமென்றே அவன் பக்கம் கொண்டுவந்து ஆடுகிறதா. மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால், கோச் அவனை உட்கார வைப்பதற்கான காரணம் உங்கள் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருக்கிறது.